கழித்துவிட்ட மூச்சு

காலியாகத் தொங்கும் உடை மூச்சு விடக் கூடாது. கசிவுச் சோதனையின் முதல் பாடம் கிட்டத்தட்ட இதுதான். இதைப் போய் எழுதி வைப்பார்களா என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நிலவில் நடப்பதற்கென்று ஆறு வருடம் உழைத்துத் தைத்த உடைக்குள் காற்றை அடைத்து, வால்வை மூடி, அழுத்தத்தைத் திரையில் பார்க்க வேண்டும். கோடு சாய்ந்தால் எங்கோ ஓட்டை. சாயாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தக் கோடு சாயவும் இல்லை, நேராக நிற்கவும் இல்லை. மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது. நிமிடத்துக்குப் பதினான்கு முறை.

கசிவுப் பொறியாளர் இருபது வருடமாக ஓட்டைகளோடு குடித்தனம் நடத்துபவள். சுலபத்தில் மிரள மாட்டாள். பம்ப்பை நிறுத்தினாள், ஏசியை நிறுத்தினாள், சென்சாரை மூன்று தடவை மாற்றினாள். சத்தமெல்லாம் அடங்கிப்போன அந்த வெள்ளை அறையில், ரப்பரும் பசையும் கலந்த புதுத்துணி நெடிக்கு அடியில், தூங்கி எழுந்தவர் போர்வையை விலக்கும்போது வருமே, அந்த வெதுவெதுப்பான வாடை இருந்தது. உடையின் முதுகில் கை வைத்துப் பார்த்தாள். உள்ளங்கைக்கு அடியில் அது மெதுவாகப் புடைத்தது. அடங்கியது. மறுபடி புடைத்தது.

"உடை மூச்சு விடுதுன்னா சொல்றீங்க?" என்றார் இயக்குநர். குழாய் ஒழுகினாலும் 'வரலாற்றின் வாசல்ல நிக்கிறோம்' என்று ஆரம்பிக்காமல் பிளம்பரைக் கூப்பிடத் தெரியாத மனிதர் அவர்.

"அழுத்தம் ஏறி இறங்குதுன்னு எழுதியிருக்கேன் சார். ஏன்னு எழுதல. தெரியாது."

"வெள்ளிக்கிழமை விருந்தாளிங்க வராங்க. உலகமே பாக்குது."

"உலகம் பாக்கட்டும் சார். உள்ள போறது என் தம்பி."

"அதான் விஷயம். அக்காவா யோசிக்கிறீங்க. பொறியாளரா யோசிங்க."

அதற்கு மேல் அவள் என்ன எழுதினாலும் அக்கா எழுதியதாகிவிட்டது.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒன்பது பேர் கொண்ட குழு கூடி, இரண்டு தட்டு பிஸ்கட்டைத் தீர்த்துவிட்டு, விஷயத்தையும் தீர்த்தது. இது பின்னணி இரைச்சல். இரைச்சலை என்ன செய்வது? கழித்துவிடுவது. காலி உடையின் ஏற்ற இறக்கத்தை ஒரு மணி நேரம் பதிவு செய்து, இனி வரும் எந்த அளவிலிருந்தும் அதைக் கழித்துக் காட்டும்படி மென்பொருள்காரன் நிரலில் ஒரு வரி சேர்த்தான். கோடு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேராகிவிட்டது. கை தட்டினார்கள். அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். அதற்கும் விதி இருந்தது: நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பதில் வராவிட்டால் கம்ப்யூட்டரே சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும். மறுப்பைப் பதிவு செய்ய அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

வியாழன் சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனாள்.

"உடம்பு சரியில்லன்னு சொல்லிடுடா."

"ஆறு மாசமா இவ எனக்குத் தராசுல நிறுத்து சாப்பாடு போடறா, இடுப்பு அந்த உடைக்குள்ள நுழையணும்னு. இப்பப் போகலன்னா என்னையே தராசுல ஏத்திடுவா."

"ஏத்தி பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடுவேன்," என்றாள் தம்பி மனைவி.

"விளையாடல. அதுக்குள்ள என்னமோ இருக்கு."

"உனக்குச் சின்ன வயசுலேருந்தே நான் ஜெயிச்சாப் பொறுக்காதுக்கா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தச் சிரிப்பில் பாதி நிஜம் இருந்தது. அது சுருக்கென்று தைத்ததில், சொல்ல வந்த மீதியை அவள் சொல்லவில்லை. காலைப் பிடித்துக் கெஞ்சியிருக்கலாம். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

வெள்ளி காலை பதினொரு மணி. வெற்றிட அறைக்குள் தம்பி நின்றான், அந்த உடைக்குள். அறையின் காற்றைப் பம்ப்புகள் உறிஞ்சி முடித்து ஓய்ந்தன. தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் விருந்தாளிகள், அவர்களோடு தம்பி மனைவி. அவர்களுக்கு முன்னால் இயக்குநர், வரலாற்றின் வாசலை அகலத் திறந்து வைத்துக்கொண்டு. திரையில் தம்பியின் மூச்சு, நிமிடத்துக்குப் பதினாறு. எல்லாம் பச்சை.

"அக்கா, முதுகுப் பக்கம் சூடா இருக்கு," என்றது அவள் ஹெட்போனில் தம்பியின் குரல்.

"கூலிங் ஓடலியா?"

"ஓடுது. மத்த இடமெல்லாம் சில்லுனு இருக்கு. முதுகுல மட்டும்... கூட்டமான பஸ்ல பின்னாடி ஒருத்தன் ஒட்டிக்கிட்டு நிப்பான்ல. அப்படி."

அவள் எழுந்துவிட்டாள். "சார், நிறுத்துங்க."

இயக்குநர் திரையைப் பார்த்தார். "பச்சையாத்தானே இருக்கு."

சிவப்பு விழாமல் சோதனையை நிறுத்தக் கூடாது என்பது விதி. அவசரப் பொத்தானுக்குப் பூட்டு. சாவி அவர் கழுத்தில், அடையாள அட்டையோடு.

"அக்கா. நான் விடும்போது அது இழுக்குது."

"சாவியக் குடுங்க சார்."

"விருந்தாளிங்க முன்னாடியா? உக்காருங்கம்மா."

"அக்கா, இடம்..." ஒரு நீளமான உரசல். "இடம் பத்தல."

பதினாறு. பத்து. ஆறு.

பிறகு கோடு. நேராக. ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல.

"பாத்தீங்களா, எவ்வளவு நிதானமா இருக்காரு," என்று விருந்தாளிகளிடம் இயக்குநர் சொல்வது கேட்டது.

"சென்சார் புட்டுக்கிச்சு போலக்கா," என்று முணுமுணுத்தான் மென்பொருள்காரன். "ஆளு நடக்கறாரே."

நடந்தது. இடுக்கியால் கல்லைப் பொறுக்கியது. கண்ணாடியைப் பார்த்துக் கையசைத்தது. தம்பி மனைவி போனில் படம் எடுத்தாள்.

அக்கா மென்பொருள்காரனிடமிருந்து விசைப்பலகையைப் பிடுங்கினாள். அந்தக் கழித்தல் வரியைத் தேடினாள். அழித்தாள்.

கோடு ஏறியது. இறங்கியது.

பதினான்கு.

அறைக்குள் காற்றை நிரப்பினார்கள். கதவு திறந்தது. உடை வெளியே வந்தது, தம்பியை விட நீளமான எட்டு வைத்து. கழற்றிவிட வந்த டெக்னீஷியன் அதன் பின்னால் போனான். உடைக்குள் நுழைவதற்கான முதுகுக் கதவை, உள்ளே இருப்பவர் தாழ் விலக்கினால்தான் திறக்க முடியும்.

"தாழை எடுங்க சார்."

உடை மொத்தமாக வலப்பக்கம் திரும்பியது. பிறகு இடப்பக்கம். வேண்டாம் என்பதுபோல.

எல்லோரும் சிரித்தார்கள். இயக்குநர் அதன் தோளில் கை போட்டு போட்டோவுக்கு நின்றார். அவள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஹெல்மெட்டின் கண்ணாடி முகத்துக்கு நேராக நின்றாள்.

தம்பிதான். கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை. உதடுகள் நீலம் பாரித்து, இறுக மூடியிருந்தன.

கண்ணாடியில் ஆவி படர்ந்தது. மெல்ல, நிதானமாக.

அவன் காதுக்குப் பின்னாலிருந்து.