சத்தம் வெளியே போகாத அறை

பயப்படாதீர்கள் கண்ணுகளா, இது பட்டப்பகலில் நடந்தது.

சிங்கப்பூர் கிளமெண்டியில் ஒன்பதாவது மாடி வீடு. தமிழ் டியூஷன் சொல்லித்தர வித்யா முதல் நாள் போனபோது மணி மூன்று. கதவைத் திறந்த அழகப்பன், மகளைக் காட்டும் முன் தன் தியேட்டரைத்தான் காட்டினார்.

தியேட்டர் என்றால் பாம் ஷெல்டர். குண்டு விழுந்தால் குடும்பம் ஒளிந்துகொள்ளவென்று, தடித்த சுவரும் இரும்புக் கதவுமாக வீட்டோடு கட்டித்தந்த சின்ன அறை. நாமெல்லாம் அரிசி மூட்டையும் பழைய பெட்டியும் அடுக்குவோம். இந்த மேதாவி அதில் சுவரளவு டிவியும் நான்கு ஸ்பீக்கரும் பொருத்தியிருந்தார்.

"பக்கத்து வீட்டுக்காரன் கம்ப்ளெயின் பண்ணிட்டான் டீச்சர். இப்ப பேய்ப் படத்துல எவ்வளவு வெட்டு, எவ்வளவு அலறல்! ஒரு பொட்டுச் சத்தம் வெளிய போவாது."

"பாப்பாவும் பாக்குமா சார்?"

"டெய்லி. என் பக்கத்துலதான். பயந்துகிட்டு முகத்தைத் திருப்பும், நான் புடிச்சு நேரா வப்பேன். தைரியம் வரணும்லா. ஒரு தடவ அலறுனத வீடியோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டேன். எல்லாரும் ஒரே சிரிப்பு."

ரிமோட்டைத் தொடும்முன் கை துடைத்துக்கொள்கிற மனிதர் அவர். பெற்ற பெண்ணின் முகத்துக்கு அந்த மரியாதைகூட இல்லை.

தொடக்கநிலை இரண்டில் படிக்கும் கவிப்ரியா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணிமையில் ஒரு முடிகூட இல்லை. தானே பிடுங்கிக்கொள்கிறாள், மூன்று மாதமாக வாய்விட்டுப் பேசுவதும் இல்லை என்று, வேலைக்குப் போகும் அம்மா போனில் அழுதிருந்தார். பள்ளியில் கூப்பிட்டுக் கேட்டதற்கு அழகப்பன் சொன்ன பதில்: "நடிப்பு லா."

வித்யா புத்தகத்தைத் திறந்து, "வாசிம்மா" என்றாள்.

குழந்தை அவள் காதருகே வந்தாள். குரலாக இல்லை, மூச்சாகத்தான் வந்தது.

"சத்தமா பேசாதீங்க டீச்சர். அங்கிளுக்குக் கேக்கும்."

"எந்த அங்கிள்?"

"படத்துல கோடாலி வச்சிருந்தாரே. படம் முடிஞ்சிருச்சு. அவரு போகல."

சின்ன விரல் இரும்புக் கதவைக் காட்டியது.

அழகப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார். "வெறும் டிவிக்கு இந்த டிராமா! பாருங்க, பிளக்கையே புடுங்கிட்டேன். நான் உள்ள போயி கதவைச் சாத்திக்கிறேன். எந்த அங்கிள் வர்றான்னு பாப்போம்."

கதவு சாத்திக்கொண்டது.

ஒரு நிமிடம்.

மூன்று நிமிடம்.

ஒரு பொட்டுச் சத்தம் வெளியே வரவில்லை.

கதவின் அடியிலிருந்து ஈரமண் வாடை மட்டும் வந்தது. ஒன்பதாவது மாடியில்.

வித்யா கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். திறந்தது.

அழகப்பன் அணைந்த திரைக்கு நேராக நின்றார். இமைக்கவில்லை. யாரோ பிடித்து நேராக வைத்ததுபோல, இரண்டு கன்னங்களிலும் விரல் பதிந்த சிவப்பு.

அவரிடமிருந்தும் மூச்சுதான் வந்தது.

"சத்தம் போடாதீங்க டீச்சர்… கேக்கும்."

குழந்தையை அள்ளிக்கொண்டு வித்யா லிஃப்டுக்கு ஓடினாள். அடுக்குமாடி புளோக்கைவிட்டு வெளியே வந்து, வெயிலில் இறக்கிவிட்டதும், மூன்று மாதத்துக்குப் பிறகு கவிப்ரியா வாய்விட்டுப் பேசினாள்.

"இனி கத்தலாம் டீச்சர். அங்கிள் இனிமே அப்பாகூடதான் படம் பாப்பாராம்."

ஒன்பதாவது மாடிச் சன்னலைப் பார்த்து டாட்டா காட்டினாள். அங்கே அழகப்பன் நின்றுகொண்டிருந்தார்.

பதிலுக்கு ஒரு கை அசைந்தது.

அழகப்பனின் இரண்டு கைகளும் அவர் வாயைப் பொத்தியிருந்தன.