வலப்பக்கம் குத்திய பதக்கங்கள்

"எங்க தாத்தா சட்டையை யாருங்க இப்படிக் கெடுத்தது?"

கொட்டும் மழையிலிருந்து நேராக ஃபிரேம் கடைக்குள் வந்து நின்றவன் கேட்ட முதல் கேள்வியே அதுதான். கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். ஆர்டர் வாங்கியது அவளுடைய அக்கா. அதனால் இந்த ஆளை இப்போதுதான் பார்க்கிறாள். அழகன் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தக் கண்கள் இருக்கின்றனவே... இமையோரம் மழைத்துளி நிற்க, கோபத்திலும் சிரிக்கத் தயாராக இருக்கிற கண்கள். சரிதான், வேலையைப் பார் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"கெடுக்கலீங்க, திருத்தினேன்" என்றாள். "போர்ப் பதக்கத்தை இடப்பக்கம்தான் குத்துவாங்க. உங்க பழைய போட்டோவில வலப்பக்கம் இருந்துச்சு. அந்தக் காலத்துல பிரிண்ட் போட்டவர் தலைகீழாப் போட்டுட்டார்னு, நான்தான் திருப்பிப் பெரிசு பண்ணேன்."

"பஸ் பிடிக்க ஓடறப்போ உங்க கடைக் கண்ணாடி வழியாப் பாத்தேன், பகீர்னு ஆயிடுச்சு. நான் டெய்லருங்க. எந்த ஆம்பளை சட்டைக்கு வலப்பக்கம் பை வைப்பாங்க? பட்டன் பட்டியும் மாறிப்போச்சு, பாருங்க."

பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். பை சொல்வதுதான் சரி. பழைய படம் திரும்பியே இருக்கவில்லை.

"அப்போ பதக்கம் ஏன் வலப்பக்கம்?"

"அவசரத்துல குத்தியிருப்பாரு."

"நாலுமா?"

அவன் சிரித்துவிட்டான். மேல்வரிசையில் ஒரு பல் மட்டும் கொஞ்சம் கோணல்... அதை ஏன்தான் கவனித்தாளோ.

"ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்க எல்லாம் வர்றாங்க. எங்கப்பா இதையும், கூடக் குடுத்த நாலு பதக்கத்தையும் ஒரே ஃபிரேமா ஹால்ல மாட்டப் போறாரு. கீழே 'என் தந்தை போரில் வென்றவை'ன்னு மறக்காம எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு ஓடினான்.

அன்றைக்கு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு கண்ணாடிகளைத் தப்பான அளவில் அறுத்தாள். "பதக்கம் படுத்துதா, டெய்லர் படுத்தறாரா?" என்று அக்கா கேட்டதற்கு, சும்மா இருக்கா என்று எரிந்து விழுந்தாள். கடைசியில் முன்னாள் படைவீரர் சங்கத்துக்குப் போன் போட்டுவிட்டாள். எடுத்தவர் பொறுமையாகச் சொன்னார்: சம்பாதித்தவர் இடப்பக்கம் குத்துவார், அவர் செத்துப்போனால், வீட்டு ஆள் வலப்பக்கம் குத்திக்கொள்ளலாம். சம்பாதித்தவர் பேர் பதக்கத்தின் விளிம்பில் இருக்கும், பாரும்மா.

பதக்கம் ஒன்றை எடுத்து, ஈரத்துணியால் விளிம்பில் அப்பியிருந்த அழுக்கைத் துடைத்தாள். பொடி எழுத்துகள். ஒரு தரம் படித்தாள். பிறகு, தாத்தா பேரும் ஆர்டர் கொடுத்தவன் பேரும் எழுதியிருந்த அக்காவின் பில் புத்தகத்தைத் திறந்து பார்த்தாள். பதக்கத்தில் இருந்தது அந்தத் தாத்தாவின் பேர் அல்ல... டெய்லருடைய பேர்.

மறுநாள் வரவழைத்துக் காட்டியபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"இந்தப் பேரைத் தாத்தாதான் வெச்சாரு. ஏன்னு கேட்டா, பிடிச்ச பேருன்னுவாரு" என்றான் மெதுவாக. "அவருக்கு ஒரு அண்ணன்... சின்ன வயசுலயே போயிட்டாருன்னு சொல்லுவாரு. நாங்க குழந்தைன்னுதான் நினைச்சோம்."

"சிப்பாய்க்கும் சின்ன வயசுதானே..."

அவன் சட்டென்று எழுந்தான். "எங்கப்பா அறுபது வருஷமா ஊரெல்லாம் பெருமையடிச்சுட்டாருங்க. இப்போ போய், உங்கப்பா போருக்கே போகலன்னு எந்த வாயால சொல்றது? உங்களை ஃபிரேம் போடச் சொன்னோமா, தோண்டச் சொன்னோமா?"

"அந்தப் பேருக்குரியவர் எங்கேயோ செத்துக் கிடந்திருக்கார். அவரோடதை இன்னொருத்தரோடதுன்னு என் கையால எழுத மாட்டேன். வேணும்னா வேற கடை பாத்துக்கங்க."

சொல்லிவிட்டாள்... சொன்ன வாயை அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவன் திரும்பிப் பார்க்காமல் மழையில் இறங்கிப் போனான்.

ஆனாலும் படத்தைப் பழையபடியே மறுபடி அச்சிட்டாள். பதக்கங்களை நீலத்துணியில் வரிசையாகப் பதித்தாள். கீழே பேர்ப்பலகைக்கு இடம் காலியாக விட்டாள். வாசலில் குடை நிழல் தெரிந்தால் போதும், கழுத்து தானாகத் திரும்பியது. வராத ஆளுக்காக இப்படித் தவிக்கிறோமே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கியபோது, குனிந்து உள்ளே வந்தான். மூச்சு வாங்கியது. குடையே இல்லை.

"அப்பாகிட்ட சொல்லிட்டேன். அப்புறம் சொன்னாரு... 'எங்கப்பா ஒரு நாளும் பொய் சொல்லலடா. வலப்பக்கம் குத்திக்கிட்டு ஊரறிய நின்னிருக்காரு. நாமதான் கேக்கல.' அழுதுட்டாருங்க. 'அண்ணன் பெற்றவை, தம்பி காத்தவை'ன்னு எழுதச் சொன்னாரு. நாளைக்கு அவரே எல்லாருக்கும் சொல்றாராம்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பேனாவை எடுக்கத் திரும்பினாள்.

"அன்னைக்குக் கத்தினதுக்கு மன்னிச்சுக்கங்க... இன்னொண்ணு." அவன் நெற்றியில் வழிந்த நீரைத் துடைத்துக்கொண்டான். "கேக்காம விட்டா என்ன ஆகும்னு எங்க வீட்டுலயே பாத்தாச்சு. அதான் கேட்டுடறேன். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. ராத்திரி தூக்கம் இல்ல, வெட்டுற துணியெல்லாம் கோணலாப் போகுது. உங்களுக்கு... என்னைப் பிடிச்சிருக்கா?"

உள்ளே கல்லாவைப் பூட்டிக்கொண்டிருந்த அக்கா, சத்தமே இல்லாமல் பின்கட்டுக்கு நகர்ந்தாள்.

அவள் தலை நிமிரவில்லை. நனைந்து ஒட்டியிருந்த அவன் சட்டையை மட்டும் பார்த்தாள்.

"இடப்பக்கம் யாராவது இருக்காங்களா?"

அவனுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. "பைதாங்க இருக்கு" என்றான். "அதுவும் காலி."

"அப்போ பிடிச்சிருக்கு" என்றாள் அவள்.