பத்து மணி வரிசை

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். விளக்கைப் பெரிதாக்க வேண்டாம், ஜன்னலைச் சாத்தவும் வேண்டாம். நான் சொல்லப்போவது இருட்டில் நடந்த கதை இல்லை. காலை பத்து மணிக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கும் நடுவில், நல்ல வெயிலடிக்கிற ஒரு கட்டிடத்தில் நடந்தது. நடுவில் பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஒற்றைச் செருப்பில்தான் எல்லாம் தொடங்கியது.

கணவருக்கு முகம் துடைத்துவிட்டு, குப்பைப் பையை வெளியே வைக்கலாம் என்று கதவைத் திறந்த ஜன்னலம்மா, நீண்ட நடையின் கடைசியில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு செருப்பைப் பார்த்தாள். இடது கால் செருப்பு. தேய்ந்த ஆண்பிள்ளைச் செருப்பு. அறுந்த வாரைச் செம்புக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. யாரோ அவசரத்தில் உதறிவிட்டுப் போனது போல இல்லை. முனை அவள் கதவைப் பார்க்க, நேராக, ஓர் ஆள் நிற்கிற மாதிரி நின்றது.

அதைக் காலால் சுவரோரம் தள்ளிவிட்டு உள்ளே வந்தாள். கடிகாரத்தில் பத்து அடித்து ஒரு நிமிஷம் ஆகியிருந்தது.

அவளுக்கு ஜன்னலம்மா என்று பெயர் வந்தது இப்படித்தான். இதே கட்டிடத்தில், இதே இரண்டாவது மாடியில், பென்ஷன் பிரிவின் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தாள். பென்ஷன் வாங்குகிற முதியவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை நேரில் வந்து, தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். படத்தையும் முகத்தையும் ஒத்துப் பார்த்து, "இருக்கார்" என்று சொல்லி முத்திரை குத்துவதுதான் அவள் வேலை. முதல் இரண்டு வருஷம் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் ஜன்னலுக்குள் நீளுகிற கைகளை மட்டும்தான் பார்த்தாள். அத்தனை முகங்களையும் பார்த்தால் யாருக்குத்தான் சாயங்காலம் சோறு இறங்கும்?

அந்த வட்டாரமே அலுவலகங்களால் ஆனது. ஐந்து மணி அடித்தால் ஆளரவம் அற்றுப்போய்விடும். காகிதமும் நாயும்தான் தெருவில் அலையும். பிறகு அலுவலகங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய், இந்தக் கட்டிடங்களுக்கு உயிர் கொடுக்கப்போவதாகச் சொன்னார்கள். கீழே கடைகள், மேலே குடித்தனங்கள், நடுவில் மரமும் பெஞ்சும். கருவூலம் உடற்பயிற்சிக் கூடமானது. பதிவறையில் குழந்தைகளுக்குப் பாட்டு வகுப்பு. வரி கட்ட அழுதுகொண்டே ஏறிய படிகளில் இப்போது ஜனங்கள் கேக் தின்று சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். பழைய ஊழியர்களுக்கென்று ஒதுக்கிய சில வீடுகளுக்குக் குலுக்கல் நடந்தபோது, பென்ஷன் பிரிவு இருந்த இடமே அவளுக்கு விழுந்தது. லிஃப்ட் இருக்கிறது, ஆஸ்பத்திரி பக்கம். பக்கவாதத்தில் விழுந்த கணவருக்கு அதுதான் வசதி. அவள் சந்தோஷப்படவும் இல்லை, சங்கடப்படவும் இல்லை. சரி என்று கையெழுத்துப் போட்டாள்.

பழமையின் அழகு கெடக்கூடாதென்று நடையின் கல்தரையை மட்டும் அப்படியே விட்டு மெருகேற்றியிருந்தார்கள். ஆயிரக்கணக்கான கால்கள் நகர்ந்து நகர்ந்து தேய்த்த பள்ளம் ஒன்று, லிஃப்டிலிருந்து புறப்பட்டு, அவள் கதவுக்கு அடியில் புகுந்து, கூடத்தைத் தாண்டி, படுக்கையறைச் சுவரில் போய் முட்டியது. அந்தச் சுவரில்தான் முன்பு ஜன்னல் இருந்தது. அங்கேதான் இப்போது கணவரின் கட்டில் கிடந்தது.

மறுநாள் பத்து மணிக்குக் கம்பிச்செருப்பு இரண்டு கல் முன்னால் வந்திருந்தது. அதற்குப் பின்னால் ஒரு துணிப்பை.

அதற்கடுத்த நாள் பைக்குப் பின்னால் ஒரு மடக்குக் குடை. பிறகு துண்டு சுற்றிய ஒரு கல். பிறகு தகரப் பெட்டி, தண்ணீர்ப் புட்டி, இன்னும் சில செருப்புகள், எல்லாமே ஒற்றை. அவளுக்குப் புரியாமல் இல்லை. அந்த நாளில் பென்ஷன் வரிசைக்கு விடியும் முன்பே வருகிற கிழடுகளால் பத்து மணிவரை நிற்க முடியாது. ஆளுக்கு ஒரு சாமானை வரிசையில் வைத்துவிட்டு நிழலில் போய் உட்காருவார்கள். ஜோடியாக வைத்தால் களவு போகுமென்று ஒற்றைச் செருப்பைத்தான் வைப்பார்கள். செருப்பு நின்றால் ஆள் நின்ற கணக்கு. அடுத்தவர் சாமானை யாரும் தொட மாட்டார்கள். சண்டைக்காரர்கள்கூடத் தொட மாட்டார்கள்.

பொருள்களோடு வாசனையும் வந்தது. கீழே ரொட்டிக்கடையிலிருந்து எந்நேரமும் ஏறிவரும் வெண்ணெய் வாசனை பத்து அடித்ததும் அறுந்துபோய், அந்த இடத்தில் முத்திரை மையும் பசையும் ஈரக்குடையும், வெகுநேரம் காத்திருந்த உடம்புகளின் வேர்வையும் கலந்த அந்தப் பழைய நெடி கதவிடுக்கு வழியாக மெல்லக் கசிந்து கூடத்தை நிறைத்தது. காலை நகர்த்தி நகர்த்தி வைக்கிற சத்தம். அடக்கிய இருமல். கண்ணாடியில் நாணயத்தால் தட்டுகிற டொக், டொக். மதியம் ஒன்றிலிருந்து இரண்டுவரை ஒன்றுமில்லை. அது சாப்பாட்டு இடைவேளை. ஐந்து மணிக்கு, இல்லாத ஓர் இரும்புக் கதவு கடகடவென்று இறங்குகிற ஓசை கேட்கும். நடையில் வெறும் கல்தரை மட்டும் இருக்கும்.

பக்கவாதம் கணவரின் வாயில் ஒரே ஒரு சொல்லைத்தான் மிச்சம் வைத்திருந்தது. "வந்தாச்சு." பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். இப்போதெல்லாம் சரியாகப் பத்து மணிக்கு, அவளைத் தாண்டிக் கதவைப் பார்த்து அதைச் சொன்னார்.

எதிர்வீட்டு ரொட்டிக்கடைக்காரி ஒரு சாயங்காலம் மீந்த ரொட்டி கொண்டுவந்தபோது, நடையில் யாராவது சாமான் வைக்கிறார்களா என்று ஜன்னலம்மா கேட்டாள்.

"பகல்ல இந்த மாடியில ஆளே கிடையாதேக்கா. நீங்களும் மாமாவும்தான். நான் கீழ மாவோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன்" என்றாள் அவள். பிறகு சிரித்தாள். "உங்ககிட்ட முத்திரை வாங்க யாராச்சும் வந்திருப்பாங்க. போட்டு அனுப்பிவிடுங்க, பாவம்."

ஜன்னலம்மா ரொட்டியை வாங்கி வைத்தாள். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, பயம் வரவேண்டிய இடம் அவளுக்கு அப்படி இருந்தது. தொட்டால் இருப்பது தெரிந்தது. அவ்வளவுதான்.

கம்பிச்செருப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன், அந்த வருஷம் நேரில் வந்து காட்டக் கடைசித் தேதி, ஐந்தடிக்கச் சில நிமிஷம். வரிசையில் முதலாவதாக நின்றது அந்தச் செருப்பு. அப்போது கணவர் மூச்சிரைக்க வந்தார். அவருடைய அம்மாவால் எழுந்து வர முடியவில்லை. எப்படியாவது அவளே முடித்துக்கொடுக்க வேண்டும். ஜன்னலம்மா வெளியே வந்து, கம்பிச்செருப்பைக் காலால் பின்னே ஒதுக்கி, கணவரின் பையை அந்த இடத்தில் வைத்தாள். உள்ளே போய், வராத மாமியாருக்கு "இருக்கார்" என்று முத்திரை குத்தினாள். இரும்புக் கதவை இழுத்தாள். ஒரு கை அதன் அடியில் நீண்டது.

"அம்மா, நான் வந்திருக்கேன்மா."

"நாளைக்கு வாங்க" என்றாள், முகத்தைப் பார்க்காமல். நாளைக்குத் தேதி இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் பெயருக்கு நேரே 'ஆஜராகவில்லை' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாள். மறுநாள் காலை, வலது காலில் மட்டும் செருப்போடு அந்தக் கிழவரைப் படிக்கட்டில் பிணமாகக் கண்டெடுத்தார்கள். இடது செருப்பு மாடியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

இப்போது பென்ஷன் வாங்குவது கணவர். படுக்கையில் இருப்பவர்களை அதிகாரியே வீட்டுக்கு வந்து பார்க்கிறார். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வருவதாகத் தகவல் வந்திருந்தது. அவர் இருக்கிறார் என்று எழுதினால்தான் மருந்து, ஆஸ்பத்திரி, எல்லாம். ஜன்னலம்மாவுக்கு வேறு யாரும் இல்லை. காலையில் முகம் துடைக்கும்போது அவர் இடது கையால் அவள் விரலைப் பிடித்துக்கொள்வார். அவள் நாளில் மரத்துப்போகாத நேரம் அது ஒன்றுதான்.

புதன்கிழமை கம்பிச்செருப்பு நிலைப்படிக்கு வந்துவிட்டது. பின்னால் லிஃப்ட் வரைக்கும் வரிசை. நாற்பது இருக்கும். கடைசியில், மற்றதெல்லாம் ஒற்றையாக இருக்க, ஒரு ஜோடி. பழுப்பு நிறம். குதிகால் பக்கம் தேய்ந்தது.

கட்டிலுக்கடியில் இருந்த அட்டைப்பெட்டியை இழுத்துத் திறந்தாள். ஒரு வருஷமாகக் கணவர் போடாத செருப்பு அதில் இல்லை.

அன்று முழுவதும் யோசித்தாள். அவருடைய இடம் கடைசி. அதிகாரி வருவதோ நாளைக்கு. முதலில் நிற்பவருக்குத்தான் 'இருக்கார்'. இருபத்தாறு வருஷம் அவளே நடத்திய சட்டம். கம்பிச்செருப்புக்காரரை உள்ளே விட்டு, முகத்தைப் பார்த்து, அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிடலாம் என்றும் தோன்றியது. பிறகு கணவரின் விரல்கள் நினைவுக்கு வந்தன.

ஐந்துக்கு ஐந்து நிமிஷம். நடையில் இறங்கி நடந்தாள். இருபுறமும் இருமல் நின்றது. பழுப்புச் செருப்புகளைக் கையில் எடுத்தாள். உட்பக்கம் சூடாக இருந்தது. திரும்பி வந்தாள். நாற்பது பேர் பார்க்கிற கனம் முதுகில். நிலைப்படியில் அவற்றை வைத்தாள். கம்பிச்செருப்பைக் காலால் பின்னே ஒதுக்கினாள். அதே கால்.

"அம்மா." காதுக்கு வெகு பக்கத்தில். பணிவான குரல். "நான் வந்திருக்கேன்மா."

நாக்கு தானாகப் புரண்டது. "நாளைக்கு வாங்க."

இரும்புக் கதவு இறங்கியது.

வியாழன் காலை முகம் துடைத்துவிட்டாள். விரலைப் பிடித்தார். கண்ணைப் பார்த்தார். "வந்தாச்சு" என்றார், பசிக்கு. ஊட்டினாள். பத்து அடித்தபோது எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

வரிசை இருந்தது. முதல் இடம் காலி. கம்பிச்செருப்பு எங்கும் இல்லை. பழுப்பு ஜோடி கடைசியில், லிஃப்டுக்குப் பக்கத்தில், அவளைப் பார்த்து நின்றது.

அவள் உள்ளே போகவில்லை. கதவருகிலேயே நின்றாள். ஒரு மணி நேரம். படுக்கையறையில் யாரோ மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. வழக்கமாகக் கேட்கிற மூச்சு இல்லை.

பதினொன்றுக்கு அதிகாரி வந்தாள். சின்னப் பெண், தோளில் பை. குடைக்கும் பெட்டிக்கும் நடுவே காலை வைத்து, எதையும் பார்க்காமல் நடந்து வந்தாள். கீழே கடையெல்லாம் எவ்வளவு நன்றாக இருக்கிறது, நீங்கள் கொடுத்துவைத்தவர் என்று பேசிக்கொண்டே உள்ளே போனாள். ஜன்னலம்மா பின்னால் போனாள்.

பழக்கதோஷத்தில் முதலில் கையைத்தான் பார்த்தாள்.

போர்வைமேல் கிடந்த கை அவருடையது இல்லை.

அதிகாரி போனிலிருந்த படத்தைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். "படம் பழசு போலிருக்கு. உடம்பு முடியாம இருந்தா முகம் மாறத்தான் செய்யும். அவர்தானேம்மா?"

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "நான் வந்திருக்கேன்மா."

"அட, பேச்சு நல்லா வருதே" என்றாள் அந்தப் பெண், சந்தோஷமாக.

போர்வையின் விளிம்பில் இரண்டு பாதங்கள். செருப்போடு. இடது காலில் செம்புக்கம்பி.

நடையின் கடைசியிலிருந்து, வெகு மெலிதாக, ஒரு சொல். வந்தாச்சு.

ஜன்னலம்மா தலையை நிமிர்த்தினாள். பன்னிரண்டு வருஷம் கழித்து, அன்று பார்க்காத அந்த முகத்தைப் பார்த்தாள். அது அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோபமில்லை. காத்திருக்கிற முகம். வாயைத் திறந்தாள். இருபத்தாறு வருஷம் பழகிய நாக்கு.

"இருக்கார்."

அதிகாரி குறித்துக்கொண்டாள். ஜன்னலம்மா கையெழுத்துப் போட்டாள்.

இப்போதும் அவள் அங்கேதான் இருக்கிறாள். காலையில் முகம் துடைத்துவிடுகிறாள். ரொட்டியைப் பாலில் கரைத்து ஊட்டுகிறாள். அவர் நன்றாகச் சாப்பிடுகிறார். மாமாவுக்குச் சதை போட்டிருக்கிறதே என்று ரொட்டிக்கடைக்காரிக்குக்கூட மகிழ்ச்சி. செருப்பைக் கழற்ற மட்டும் அவர் விடுவதில்லை.

பத்து மணிக்குக் கதவைத் திறக்கிறாள். வரிசை நகர்வதில்லை. கடைசியில் பழுப்பு ஜோடி. வந்தாச்சு, என்கிறது. வந்தாச்சு. ஐந்து மணி ஆகிறது. அவள் நாக்கு புரளுகிறது.

"நாளைக்கு வாங்க."

அவ்வளவுதான் கண்ணுகளா, கையை விட்டுவிடலாம். உங்கள் வாசலில் கிடக்கிற செருப்பெல்லாம் உங்கள் வீட்டாருடையதாகவே இருக்கட்டும். வெளியே போனவர்கள் எல்லாரும் விளக்கு வைக்கும் முன் திரும்பி வரட்டும். உள்ளே தூங்குகிற முகம் ஒவ்வொன்றும், நாளைக் காலையில் நீங்கள் குனிந்து பார்க்கும்போது, நீங்கள் அறிந்த முகமாகவே இருக்கட்டும்.