தீபன் அண்ணனின் கதவு

செவ்வாய்க்கிழமை என்றால் விடிந்ததும் நான் செய்யும் முதல் வேலை ஜீப்பைச் சுத்தம் செய்வது. சுத்தம் என்றால் கழுவுவது இல்லை. வேண்டாததை எல்லாம் வெளியே எடுத்துப் போடுவது. யாரோ விட்டுப்போன தண்ணீர்ப் புட்டி, டயர் இடுக்கில் காய்ந்த சேறு, காலடியில் தங்கிய மண், எல்லாமே எடைதான். சேற்றைக் குச்சியால் நோண்டி எடுப்பேன். இருக்கைப் பஞ்சைப் பிய்த்து எறிந்து இரண்டு வருடம் ஆகிறது. பின்னால் பார்க்கும் கண்ணாடிகளையும் அப்போதே கழற்றிவிட்டேன். என் வீட்டுக்காரர் அஸ்வந்த் உட்கார மடித்த கோணிச்சாக்கு ஒன்று உண்டு. உபரி டயர் கிடையாது, பஞ்சரானால் ஆண்டவன் விட்ட வழி.

மிஞ்சியிருப்பவை மூன்று பெட்டிகள். பின்இருக்கைக்கு அடியில் ஒன்று, சக்கர வளைவின் மேல் ஒன்று, கூரையில் ஒன்று. மூன்றும் என் கையால் செய்தவை. செத்துப்போன ஜீப்புகளின் கதவையும் பானெட்டையும் வெட்டி, மடித்து, ரிவெட் அடித்துச் செய்தவை. கடகடவென்று சத்தம் வராமல் இருக்க உள்ளே பழைய டியூபை வெட்டி ஒட்டியிருக்கிறேன். ஒரு பெட்டியில் ஸ்பேனர்களும் இழுவைச் சங்கிலியும் அஸ்வந்தின் ஆஸ்பத்திரிப் பையும் இருக்கும். மற்ற இரண்டிலும் எங்கள் ஜீப்பிலிருந்தே கழற்றிய பழைய சாமான்கள்: உடைந்த ஸ்பிரிங் வில்பட்டைகள், விரிசல் விட்ட கியர் உறை, துருத் தின்ற சைலன்சர். ஒன்றுக்கும் ஆகாதவை. ஆனாலும் வாரம் இரண்டு முறை அவற்றை எண்ணெய் போட்டுத் துடைத்து, மலை இறக்கி, மலை ஏற்றுகிறேன்.

அஸ்வந்த் அவற்றுக்கு அஸ்திப்பெட்டி என்று பெயர் வைத்திருக்கிறார். "செத்ததைச் சுமந்தாத்தான் உசிரோட இருக்கவன ஏத்திட்டுப் போக முடியுது" என்பார். வாய்க்கொழுப்பு. செவ்வாயும் வெள்ளியும் கீழே போய் ரத்தம் சுத்தம் செய்யாவிட்டால் இரண்டு வாரம்கூடத் தாங்காத மனிதர், அந்த வாய் மட்டும் குறையவில்லை.

அடிவாரச் சாவடிக்கு முன்னால் அஸ்வந்த் இறங்கி ஓரமாக நடந்து போவார். ஆள் எடை வண்டிக் கணக்கில் சேரக் கூடாது அல்லவா, அதனால் ஏறியிருப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். நான் மட்டும் ஜீப்பை உருட்டி, சாவடியில் எடை பார்க்கும் இரும்பு வளைவுக்குள் நிறுத்திவிட்டு இறங்கிக்கொள்வேன். வளைவிலிருந்து ஒரு நீலக்கோடு இறங்கி வண்டியை முன்னும் பின்னும் தடவும். புதிய இரும்பில் உலையிலேயே சாட்சித்தூள் கலக்கிறார்கள்; பழைய இரும்பில் அது கிடையாது. மொத்த எடையில் பழைய இரும்பு நூற்றுக்கு எவ்வளவு என்று பலகையில் எண் வரும். பாதிக்குக் குறையாவிட்டால் அது பழைய வண்டி, தன் இஷ்டத்துக்குப் போகலாம். குறைந்தால் புது வண்டி. உடனே உள்ளங்கை அளவு பெட்டி ஒன்றை என்ஜினில் பூட்டிவிடுவார்கள். அதற்குக் கடிவாளம் என்று பெயர். கடிவாளம் பூட்டிய வண்டி வரைபடத்தில் இல்லாத பாதையில் ஓரடி நகராது.

எங்கள் மேல்பாடி வரைபடத்தில் இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன் மண் சரிந்தபோது பாதையைச் சரிசெய்வதற்குப் பதிலாகப் பெயரை எடுத்துவிட்டார்கள். யாரும் எங்களைக் காலி செய்யச் சொல்லவில்லை, அதையும் சொல்லவேண்டும். பழைய வண்டியோடு இறங்குகிறவர் வண்டியோடு திரும்பலாம். வண்டி இல்லாமல் சாவடியைத் தாண்டினால் 'குடியிறங்கியவர்' என்று பதிவாகிவிடும், பிறகு ஏற முடியாது. எந்த ஊரில் அறை காலியோ அங்கே அனுப்புவார்கள். ஆஸ்பத்திரி வரிசையிலும் கடைசியில் போய் நிற்க வேண்டும். அப்படி இறங்கிய கோபிகா அக்காவின் மாமனார் வரிசையில் இருந்தபடியே போய்ச் சேர்ந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பலகையில் ஐம்பது புள்ளி நான்கு வந்தது. சாவடி அலுவலர் நிவேதன் நல்ல பையன். தலையைச் சொறிந்துகொண்டு பக்கத்தில் வந்தான்.

"அக்கா, ஒண்ணாம் தேதியிலருந்து அம்பத்திரண்டு ஆக்குறாங்க."

"பாதின்னுதானப்பா சொன்னீங்க?"

"இப்ப அம்பத்திரண்டுதான் பாதிங்கிறாங்க. நான் என்னக்கா பண்றது?"

ஒரு வாரம்தான் இருந்தது. வீடு திரும்பிக் கணக்குப் போட்டேன். ஆயிரத்து முந்நூறு கிலோ வண்டிக்கு இன்னும் நாற்பத்துநான்கு கிலோ பழைய இரும்பு வேண்டும். எங்கே போவேன்? ஒரு காலத்தில் மேல்பாடியில் பதினோரு ஜீப் இருந்தது. ஒரு ஜீப் விழுந்தால், அதாவது கடிவாளம் பூட்டப்பட்டால், அதன் சொந்தக்காரர் மற்ற ஜீப்காரர்களைக் கூப்பிட்டுத் தன் பழைய இரும்பைப் பங்கு வைப்பார். முதல் போல்ட்டை அவரே கழற்றுவார். அவர் கையால் கொடுப்பதை மறுக்கக் கூடாது. அப்படி ஒன்பது ஜீப்பைப் பங்கு வைத்தாயிற்று. என் பெட்டிகள் எல்லாம் அந்த ஒன்பது வீட்டுக் கதவுகள்தான்.

மிஞ்சியது இரண்டே ஜீப். என்னுடையதும் தீபன் அண்ணனுடையதும். அவர் எண் ஐம்பத்தொன்று. ஆக, ஒன்றாம் தேதி இரண்டுமே விழும், ஒன்றின் இரும்பு மற்றதற்குப் போனால் ஒழிய. இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் தீபன் அண்ணன் தன் ஜீப்பை என் கொட்டகைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். அறுபதைத் தாண்டியவர். மனைவி இல்லை. ஒரே மகள் இலக்கியா கீழே நகரத்தில் நிறைமாதம். வெள்ளிதோறும் மகளைப் பார்க்கப் போவார், போகும்போது பாடிச் சனத்தின் சாமான் பட்டியலையும் வாங்கிக்கொள்வார்.

"பிரேக் ஒரு மாதிரியா இருக்கு தங்கச்சி. என்னன்னு பாரு" என்றவர், என் ஜீப்பின் பக்கம் போய்ப் பின்இருக்கைப் பெட்டியை விரலால் தட்டினார். "நல்ல கனம்" என்றார்.

என் இரும்பைத்தான் அளவு எடுக்கிறாரோ?

"உங்கிட்டக் கொஞ்சம் பேசணும் தர்ஷினி."

"வேலைய முடிச்சிடுறேண்ணே. அவரு வீட்ல சும்மாதான் இருக்காரு. போயி டீ குடிச்சிட்டுப் பேசிட்டிருங்க."

வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தார். பிறகு போனார்.

பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. டிரம்மைக் கழற்றிப் பார்த்துவிட்டு அப்படியே மாட்டினேன். குறை இல்லாத வண்டியை ஏன் கொண்டுவந்தார் என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. என் புத்தி முழுக்க அவருடைய இருக்கைக்கு அடியில் இருந்தது. அவரும் என்னைப்போல அங்கே ஒரு பெட்டி செய்து வைத்திருந்தார், கொஞ்சம் கோணலாக. அதில் அவர் வண்டியின் பழைய வில்பட்டைகள் கட்டுக்கட்டாக இருந்தன. எடுத்து நிறுத்தேன். நாற்பத்துநான்கு கிலோவை என் கூரைப் பெட்டிக்குள் வைத்தேன். சரிந்த பாதையிலிருந்து முன்பே எடுத்து வைத்திருந்த புதுத் தடுப்புக் கம்பிகளை அதே எடைக்கு வெட்டி, செம்மண்ணும் எண்ணெயும் குழைத்துப் பூசி, துருப்போலக் காட்டி அவர் பெட்டியில் அடுக்கினேன். பட்டப்பகலில், ஒன்றரை மணி நேரத்தில். வீட்டுக்குள் இருவரும் சிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். நான் அதற்கும் மேலே போனேன். அவருக்கு மகள் இருக்கிறாள், இறங்கிப் போய் அவளோடு இருந்துகொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குடியிறங்கியவர்களை யாரும் மகள் வீட்டுக்கு அனுப்புவதில்லை என்று தெரிந்தேதான் சொல்லிக்கொண்டேன். அஸ்வந்த் சாகக் கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் வண்டியை எடுக்க வந்தார். சாவியை வாங்கிக்கொண்டும் ஜீப்பில் ஏறவில்லை.

"வேற ஏதாச்சும் சொல்லணுமா தங்கச்சி?"

"ஒண்ணுமில்லண்ணே. பிரேக் ஷூவத் தேச்சு விட்டிருக்கேன். இனி நல்லாப் பிடிக்கும்."

வெள்ளிக்கிழமை சாவடியில் அவர் முன்னால், நான் பின்னால். நீலக்கோடு அவர் ஜீப்பை ஒரு முறை தடவியது. திரும்பவும் தடவியது. பலகையில் நாற்பத்தேழு புள்ளி ஆறு.

நிவேதன் ஓடிவந்து, "தாத்தா, போன வாரம் அம்பத்தொண்ணு இருந்துச்சே?" என்றான். தீபன் அண்ணன் பலகையைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். வாரில் ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

கடிவாளம் பூட்ட ஐந்து நிமிடம் ஆனது. வேலை முடிந்ததும் தீபன் அண்ணன் ஜீப்பைக் கையால் தள்ளி ஓரமாக நிறுத்தினார். "பங்கு வச்சிடலாம். இருக்கது நீ ஒருத்திதான்" என்று ஸ்பேனர் கேட்டார். முதல் போல்ட்டை அவரே கழற்றினார். இருக்கையைத் தூக்கிப் பெட்டியைத் திறந்தார். மேலே இருந்த கம்பியை நகத்தால் சுரண்டினார். உள்ளே பளபளவென்று இருந்தது.

"நல்லாப் பூசியிருக்க" என்றார். "பிரஷ் தடமே இல்ல."

"அண்ணே..."

"பிரேக்குக்கா நான் வண்டியக் கொண்டாந்து விட்டேன்? ரெண்டும் விழப்போகுது, ஒண்ணாச்சும் நிக்கட்டும், அஸ்வந்து போய்ட்டு வரட்டும்னு சொல்லத்தான் வந்தேன். நீ டீ குடிக்க அனுப்பிட்ட. சரி, சாயங்காலம் நீயே கேப்பன்னு பாத்தேன்."

அஸ்வந்துக்கு அப்போதுதான் புரிந்தது. என் முகத்தைப் பார்த்தார். அந்த வாயிலிருந்து அன்று ஒரு வார்த்தையும் வரவில்லை. எனக்கு அங்கேயே மண்ணைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது. "தப்புப் பண்ணிட்டேண்ணே" என்றேன்.

"முப்பதாம் தேதி வரைக்கும் ஓட்டியிருப்பேன்" என்றார் அவர். "வர்ற ஞாயித்துக்கிழமை நாள் குறிச்சிருக்காங்க. பேரப்பிள்ளையப் பாத்துட்டு வண்டிய உன் கையில குடுத்திருப்பேன். இப்ப வண்டியில்லாம சாவடியத் தாண்ட முடியாது." இடது கதவைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "பிடி. மறுக்கக் கூடாது, தெரியும்ல?"

பிடித்தேன்.

அஸ்வந்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்த் திரும்பும்போது அவரை என் ஜீப்பிலேயே மேலே கூட்டிவந்தேன். அடுத்த செவ்வாய் அவரைக் கூட்டிப் போய்க் குழந்தையைக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன் என்று சத்தியம் செய்தேன். அவர் கதவையும் பானெட்டையும் வெட்டிப் பின்இருக்கைக்குப் புதிதாக ஒரு பெட்டி செய்தேன், மூடியில் அவர் உட்கார வசதியாக விளிம்பை உருட்டி. என் வண்டியில் ஒட்டிக்கொண்டிருந்த புதுச்சாமான் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அவருடையதை மாட்டினேன். என் எண் ஐம்பத்தெட்டு ஆனது. இரண்டு வருடத்தில் அப்படி ஒரு எண்ணை நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண் குழந்தை பிறந்ததாகச் செய்தி வந்தது. செவ்வாய்க்கிழமை ஒன்றாம் தேதி. தீபன் அண்ணன் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, விடிவதற்கு முன்பே வந்து நின்றார். சட்டைப்பையில் கருவளையல் இரண்டு. தன் கதவின் மேல் ஏறி உட்கார்ந்து, "சொகமாத்தான் இருக்கு" என்றார். அஸ்வந்துகூடச் சிரித்தார்.

சாவடிக்கு இருநூறு அடி முன்னால், பாதையின் கடைசித் திருப்பத்தில் புதுப்பலகை ஒன்று நட்டிருந்தார்கள். இறங்கிப் படித்தேன். 'ஐம்பத்திரண்டு சதவீதம். இன்று முதல் ஏறியிருப்பவர் எடையும் வண்டி எடையில் சேரும். வண்டியைச் சொந்தக்காரரே ஓட்ட வேண்டும். இறங்கி நடக்க அனுமதி இல்லை.'

பானெட்டில் படிந்திருந்த புழுதியில் தீபன் அண்ணன் விரலால் கணக்குப் போட்டார். என் எடை, அஸ்வந்த் எடை, தன் எடை. ஐம்பது புள்ளி எட்டு வந்தது. தன் எழுபது கிலோவை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டார். ஐம்பத்து மூன்று புள்ளி மூன்று.

"நான் இறங்கிக்கிறேன் அண்ணே, நீங்க போங்க" என்றார் அஸ்வந்த்.

"இன்னிக்கு நீ போகலைன்னா வெள்ளிக்கிழமை உன்னத் தூக்கிட்டுல்ல போகணும். உக்காரு."

"பெட்டியக் கழட்டிப் போட்டுடலாம்ணே" என்றேன் நான். பைத்தியக்காரப் பேச்சு. பெட்டியைக் கழற்றினால் எண் இன்னும் இறங்கும். இரும்பு எவ்வளவு வேண்டுமானாலும் ஏறலாம், ஆள்தான் ஏறக் கூடாது. இனிப் பாடியில் யாருக்கு வலித்தாலும், யாருக்கு யாரைப் பார்க்க வேண்டுமென்றாலும் இதே கணக்குத்தான்.

அவர் கருவளையலை எடுத்து என் கையில் வைத்தார். "மககிட்டக் குடு. தாத்தா கீழத் திருப்பம் வரைக்கும் வந்தாருன்னு சொல்லு." பதினெட்டுக் கிலோமீட்டர் ஏற்றம். நாங்கள் திரும்ப ராத்திரி ஆகும், அதற்குள் நடந்துவிடுவேன் என்றார்.

சாவடி வளைவுக்குள் நாங்கள் இருவரும் உட்கார்ந்தபடியே இருந்தோம். நீலக்கோடு என் தோளைத் தடவி, அஸ்வந்தின் மடியைத் தடவி, பின்னால் காலியாக இருந்த பெட்டி மூடிமேல் போய்க் கொஞ்ச நேரம் நின்றது. பலகையில் ஐம்பத்து மூன்று புள்ளி மூன்று.

"போங்கக்கா" என்றான் நிவேதன். "எண்ணு நல்லாத்தான வந்திருக்கு, ஏன் அழறீங்க?"

கியரைப் போட்டேன். தீபன் அண்ணனின் கதவு சாவடியைத் தாண்டியது. அவர் அந்தத் திருப்பத்தில் இன்னும் நிற்கிறாரா, நடக்கத் தொடங்கிவிட்டாரா என்று பார்க்க எனக்குக் கண்ணாடி இல்லை.