சென்னையைக் காணோம்!

"ஐயோ, சென்னையைக் காணோம்!"

கலைமணி போட்ட கூச்சலில் ஏழாம் வகுப்பே திரும்பிப் பார்த்தது.

நிஜச் சென்னை பத்திரமாகத்தான் இருந்தது. காணாமல் போனது தக்காளிச் சென்னை. பாலக்கோட்டில் அந்தப் பள்ளியில் அன்று கண்காட்சி. கலைமணியின் குழு வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் தமிழ்நாட்டை வரைந்து, பெரிய நகரங்கள் இருக்கும் இடத்தில் தக்காளி வைத்திருந்தது. மக்கள் அதிகம் இருக்கும் நகரத்துக்குப் பெரிய தக்காளி. ஊரெல்லாம் தக்காளி விளையும்போது வேறு எதைத் தேடிப் போவது?

கோயம்புத்தூர், மதுரை, திருச்சி, திருப்பூர், சேலம் எல்லாம் அதனதன் இடத்தில் சிவப்பாக உட்கார்ந்திருந்தன. வடகிழக்கு மூலை மட்டும் காலி.

அந்தத் தக்காளியைக் கொண்டுவந்தவள் பிளசி. அவள் அப்பா சென்னையில் மெட்ரோ ரயில் வேலையில் கம்பி கட்டுகிறார். அப்பா இருக்கிற ஊர் ஆயிற்றே! அதற்காகத் தோட்டம் முழுக்கத் தேடி, ஒரு கையில் அடங்காத பழமாகப் பார்த்துப் பறித்திருந்தாள்.

"அந்தப் பெரிய தக்காளியா?" என்று மெதுவாகக் கேட்டான் அருள்குமார். அவனும் அதே குழுதான். "அது வெடிச்சிருந்துச்சு. மதிலுக்கு அந்தாண்ட நின்ன மாட்டுக்குப் போட்டுட்டேன்."

"சென்னைய மாட்டுக்குப் போட்டியா?"

பிளசி வந்த பஸ் நெரிசலில் பழம் வெடித்திருக்க வேண்டும். அருள்குமார் வீட்டில் லீவு விட்டால் போதும், தக்காளி தரம் பிரிக்கிற வேலைதான். வெடித்த பழத்தை விட்டுவைத்தால் மற்றதும் அழுகிவிடும். அந்தப் பழக்கத்தில், யோசிப்பதற்கு முன்பே அவன் கை அதை எடுத்து எறிந்துவிட்டது.

"இனிமே நீ எங்க குரூப்புல கெடையாது. வெளிய போ!" என்றாள் கலைமணி.

பிளசிக்கும் கோபம் வந்தது, நன்றாகவே வந்தது. ஆனால் அருள்குமார் தலையைக் குனிந்துகொண்டு போனதைப் பார்த்ததும் அவளுக்குப் பாவமாகிவிட்டது.

வாசலில் மிச்சத் தக்காளிக் கூடை கவிழ்ந்து, பொடிப் பழங்கள் உருண்டு கிடந்தன. போகிற போக்கில் அருள்குமார் அவற்றைப் பொறுக்கி, சந்தையில் கூறு கட்டி விற்பார்களே, அதேபோல ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து வைத்தான். ஒரு பழம்கூட உருளவில்லை.

நிர்மலா டீச்சர் எட்டிப் பார்த்தார். "ரெடியா? கண்காட்சி பாக்க வந்திருக்கிற விருந்தாளி சார் பக்கத்து ரூமுக்கு வந்துட்டாரு."

"மதுரைய எடுத்துச் சென்னையில வெச்சிரலாமா?" என்றான் ஆண்டோ.

"அப்புறம் மதுரைக்கு உன் தலையவா வெக்கிறது?" கலைமணிக்கு அழுகையே வந்துவிட்டது.

பிளசி அருள்குமார் அடுக்கிய அந்தக் கூறையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கலைமணி, எங்கப்பா மாதிரி ஆளுங்க போயிப் போயித்தான சென்னை அவ்ளோ பெருசாச்சு? ஒத்தத் தக்காளி எதுக்கு? கூறு கட்டிரலாம். அருளு, நீ வா. வேற யாரு கட்டுனாலும் உருண்டுரும்."

வாசலில் நின்ற அருள்குமார் கலைமணியைப் பார்த்தான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி சரி, சீக்கிரம் கட்டு" என்றாள்.

பிளசி முதல் பழத்தை நீட்டினாள். "இது எங்கப்பா."

"இது எங்க சித்தப்பா, ஓட்டல் வெச்சிருக்காரு." குழுவில் மற்றவர்களும் ஆளுக்கொரு பழத்தை நீட்டினார்கள்.

"இது எங்கக்கா, நர்ஸு."

"இது எங்கண்ணன்" என்று ஆண்டோவும் ஒன்றை நீட்டினான். "பெங்களூர்ல இருக்கான்."

"டேய், அது கர்நாடகா! கோட்டுக்கு அந்தப் பக்கம் வை!"

கடைசிப் பழம் ஏறியதும் விருந்தினர் உள்ளே வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு வடகிழக்கு மூலையில் நின்றார். "மத்த ஊருக்கெல்லாம் ஒரே தக்காளி. இதுக்கு மட்டும் ஏன் கூறு?"

பிளசி தயங்கவே இல்லை. "எல்லா ஊரு ஆளுங்களும் போயிச் சேர்ந்த ஊருங்க சார் சென்னை. அடியில இருக்கறது எங்கப்பாங்க. அவரு மேலதான் மத்தவங்க நிக்கறாங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கூடையில் மிச்சமிருந்ததில் தாமும் ஒரு தக்காளியை எடுத்துக்கொண்டு குனிந்தார். "எம் பொண்ணும் அங்கதான் படிக்கிறா. மேல வெச்சிரட்டுமா?"

"ஐயோ, வேணாங்க சார்!" கலைமணி குறுக்கே பாய்ந்தாள். "நீங்க வெச்சா சரிஞ்சுருங்க. எங்க அருள்குமார்கிட்டக் குடுங்க!"

'எங்க' அருள்குமாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பழத்தை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, உச்சியில் மெல்ல உட்கார வைத்துக் கையை எடுத்தான். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

கூறு அசையவில்லை. சென்னையில் இன்னும் ஒருவருக்கு இடம் இருந்தது.