நாலு அறையும் பாத்தீங்களா?

அந்த ஸ்கேன் டாக்டருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் 'மின்னல்'. தன் வேகத்தைப் பாராட்டுகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அப்படித்தான் நினைப்பார்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையைத் தலை முதல் கால் வரை நிதானமாகப் பார்க்க வேண்டும். மூளை, முதுகெலும்பு, சிறுநீரகம், நஞ்சுக்கொடி இருக்கும் இடம். முக்கியமாக, இதயத்தின் நான்கு அறைகள். மின்னலார் தலையை அளப்பார், துடிப்பைக் கேட்கவைப்பார், "எல்லாம் நார்மல்" என்பார். மிச்சத்தை மனக்கண்ணால் பார்த்துவிடுவார் போலும். துடிப்புச் சத்தத்தில் தாய்மார்கள் கண் கலங்குவதால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஒருத்தி கேட்டாள். "இதயத்துல நாலு அறையும் பாத்தீங்களா டாக்டர்?"

"நீங்க எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார்.

அவளுடைய குழந்தை நீலம் பாரித்துப் பிறந்தது. அன்றே போய்விட்டது. சில வாரங்களில் அவளும் போனாள். செய்தி வந்தபோது டாக்டர் "ஐயோ பாவம்" என்றார். அதே மூச்சில் ஏசியைக் கூட்டச் சொன்னார்.

பிறகு ஒரு மதியம், தலைப்பிரசவக்காரி ஒருத்தி வந்து படுத்தாள். விளக்கை அணைத்தார்கள். திரையின் சாம்பல் வெளிச்சம் மட்டும். ஜெல்லின் மந்தமான வாடை. வழக்கம்போல் தலை. வழக்கம்போல் துடிப்பு.

"எல்லாம் நார்ம..."

கையை எடுக்க முடியவில்லை.

மணிக்கட்டை விரல்கள் பற்றியிருந்தன. ஈரமான, சில்லிட்ட விரல்கள்.

"சிஸ்டர், கைய விடுங்க," என்றார் மெல்ல.

"நான் கதவுகிட்ட நிக்கிறேன் டாக்டர்."

காதருகே மூச்சில்லாத ஒரு குரல்.

"நாலு அறையும்."

அவர் கை அவரைக் கேட்காமலே நகர்ந்தது. குழந்தையின் நெஞ்சில் போய் நின்றது. பல வருடங்களில் முதல்முறையாக மின்னலார் ஒரு இதயத்தைப் பார்த்தார். இடது பக்க அறை சுருங்கிக் கிடந்தது.

"பெரிய ஆஸ்பத்திரியில பிரசவம் வச்சுக்கோங்க," என்றார். "பிறந்த உடனே ஆபரேஷன் பண்ணணும். பண்ணினா பிழைக்க வழி இருக்கு."

அப்போதுதான் பிடி தளர்ந்தது.

குழந்தை பிழைத்தது. மனிதர் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? டாக்டர்கள் கூட்டத்தில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டி, "என் கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்று பேசினார். கைதட்டல் வாங்கும்போது சட்டைக் கையை மட்டும் மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்து அந்தத் தாய் குழந்தையோடு வந்தாள்.

"உங்க புண்ணியம் டாக்டர்."

"அது என் கடமைம்மா," என்று டாக்டர் அடக்கம் காட்டினார்.

அவள் அவருக்கு இடப்புறம், ஆளில்லாத இடத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"அக்கா, அன்னைக்கு நீங்க இவர் கையப் பிடிச்சு நிறுத்தலைன்னா என் புள்ள இல்ல."

டாக்டர் திரும்பவில்லை. சட்டைக் கையை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தூக்கிப் பாக்குறீங்களாக்கா?" என்று சிரித்துக்கொண்டே குழந்தையை நீட்டினாள்.

பிறகு, கைகளை எடுத்துக்கொண்டாள்.

குழந்தை விழவில்லை.