ஆறிய கீறல்

கிருமி புகாத அறையின் வெதுப்புப் பெட்டியைத் திறந்தபோது வெந்த கேரட்டின் வாசம் வந்தது.

திசு வளரும், இளஞ்சிவப்பு ஊட்டநீர் நிறைந்த கண்ணாடித் தட்டுகளன்றி வேறெதுவும் வைக்கப்படாத பெட்டி அது. திசு வளர்ப்பவள் ஐயத்தோடு உதவியாளைத் திரும்பிப் பார்த்தாள்.

“இதுக்குள்ள சாப்பாடு வெச்சியாடி?”

“போங்கக்கா! என் டப்பாவையே நான் இன்னும் திறக்கல. உங்களுக்குத்தான் பசி மூக்குல ஏறிடுச்சு.”

சிரித்துக்கொண்டே உதவியாள் உண்ணப் போனாள்.

கடைசித் தட்டில் வளர்வது யாருடைய ஊன் என்பதைத் திசு வளர்ப்பவள் எவரிடமும் சொன்னதில்லை. கணவனின் சிறுகுடற்புண்ணைச் சோதிக்க எடுத்த துணுக்கில் எஞ்சிய கடுகளவு அது, அவனையும் கேட்கவில்லை. குடல் உள்தோலின் குழிகளில் ஆழத்தே பிறக்கும் உயிரணுக்கள் விரல்போன்ற முனைப்புகளில் மெல்ல ஏறி, சில நாளில் உச்சியினின்று உதிர, பின்வருவன அவ்விடம் கொள்ளும். பிறப்பும் இறப்பும் ஓயாத அந்த உள்தோலை முற்பகல்தோறும் ஊசியால் கீறி, அண்டை அணுக்கள் பரந்துவந்து கீறலை மூடுவதைக் கண்டாள். அவன் புண்ணும் ஆறும் என்று நம்ப அவளுக்கு அது போதுமாயிருந்தது.

தட்டில் ஆறியது. வீட்டில் அவனுக்கு ஆறவில்லை. முற்பகல்தோறும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். வேளை தவறாமல் உண்டும் எலும்பும் தோலுமானான். ஒளித்துக் கொட்டுகிறானோ என்று குப்பைக்கூடையைக் கிளறினாள். குளியலறைக் கதவில் செவி பொருத்தி நின்றாள்.

“உண்மையைச் சொல்லுங்க. சாப்பிட்டதெல்லாம் எங்க போகுது?”

“நீ எப்ப போலீஸ்ல சேர்ந்தே? தெரியலம்மா. யாரோ உள்ளேயிருந்து எடுத்துத் திங்கிற மாதிரி இருக்கு.”

இப்போது, அறையில் அவள் கைபேசி ஒலித்தது. அவன்தான்.

“கேரட் அவிச்சுச் சாப்பிட்டேன். இறங்கின மாதிரியே இல்ல.”

அழைப்பைத் துண்டிக்காமல், ஒலிபெருக்கியில் போட்டு, கைபேசியை மேசையில் வைத்தாள். கடைசித் தட்டை எடுத்தாள். கனத்தது.

நேற்றைய கீறல் இல்லை. உள்தோல் விளிம்பேறி மூடியின் உட்புறத்தைத் தழுவியிருந்தது. ஈரமாய். சுருங்கி, விரிந்து. முனைப்புகளின் நடுவே செம்மஞ்சள் துணுக்குகள்.

ஒன்றில் பல்தடம் பதிந்திருந்தது.

அழித்துவிட வேண்டும். மூடியை நீக்கி ஊசியை எடுத்தாள். நுனி மட்டுமே பட்டது.

கைபேசியில் அவன் அலறினான்.

கை நின்றது. ஊசியைப் பின்னிழுத்தாள். வரவில்லை. நுனியைச் சுற்றி உள்தோல் பரந்தது, மூடியது, இரும்பின்மீது ஏறியது, மெல்ல, அவள் விரல்களை நோக்கி.

“ஏம்மா,” என்றான் அவன், வலி தீர்ந்த குரலில். “இப்பதான் ஏதோ உள்ள இறங்குது.”